புதுப்பிப்பு: பிசுபிசுத்த ரெசின் பலகை என்ன ஆயிற்று?

மரமும் எபாக்ஸி ரெசினும் (திரவமாக ஊற்றினால் கெட்டியாக இறுகும் பிசின்) சேர்த்துச் செய்த என் முதல் வெட்டுப்பலகை, மூன்று நாள் ஆகியும் ஓரிடத்தில் பிசுபிசுக்கிறது, மர ஓரமெல்லாம் குமிழி என்று முன்பு புலம்பியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பிசுபிசுப்புக்குக் காரணம் நானேதான். ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் 2:1 என்று டப்பாவில் போட்டிருந்தது கன அளவில். நான் தராசில் எடைபோட்டுக் கலந்திருக்கிறேன். ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி இல்லை என்பதால் விகிதம் தப்பிவிட்டது. போதாததற்கு, கப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த சரியாகக் கலக்காததையும் வழித்து ஊற்றியிருந்தேன். காத்திருந்தால் இறுகிவிடும் என்ற நப்பாசை பலிக்கவில்லை. மெத்தென்று இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் மறுபடி ஊற்றினேன்.

குமிழிகள் மரத்துளைகளில் இருந்த காற்றிலிருந்து வந்தவை. இந்த முறை முதலில் ரெசினை மெல்லிசாக மரத்தில் தடவி, அது கொஞ்சம் இறுகத் தொடங்கியதும் மீதியை ஊற்றினேன். இப்போது இரண்டே குமிழி. அதையும் நான் காட்டினால்தான் தெரியும்!

அப்புறம் 80, 120, 180, 220 என்று, எண் கூடக் கூட நைசாகும் உப்புத்தாள்களால் தேய்ப்பு, கடைசியில் மினரல் ஆயில். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ரெசின் பக்கம் கத்தி பட்டால் கீறல் அப்படியே நிற்கிறது. அதனால் வெட்டுவது மரப்பகுதியில் மட்டும். சூடான பாத்திரத்தையும் ரெசின்மேல் வைப்பதில்லை.