மகள் லெகோ கம்பனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், அனுப்பலாமா?

உப்புவெளி அம்மா:
மகளுக்கு ஒன்பது வயது. போன சனிக்கிழமை கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், மீன் சேருகிற மடி கரைக்கு வருமட்டும் வீட்டுக்கு வரமாட்டேன் என்று ஒரே அடம். வந்த கையோடு சீ.ஆர். கொப்பியில் நடுத்தாளைக் கிழித்து, படமும் கீறி, விளையாட்டுக் கட்டைகள் செய்கிற லெகோவுக்கு, கரைவலை விளையாட்டுச் சாமான் ஒன்று செய்யச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டாள். ஒரு தோணி, இரண்டு கயிறு, பக்கத்துக்கு ஆறு ஆள், நடுவில் வலை. "இதைத் தனிய விளையாட ஏலாது, மற்றப் பக்கம் இழுக்க இன்னொரு ஆள் வேணும்" என்ற வரிக்குச் சிவப்புப் பேனையால் கோடு வேறு. மீனை எப்படிப் பங்கு பிரிப்பது என்றும் இருக்கிறது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குத்தான் கூட.

உண்மையாகவே அனுப்பலாமா? பதில் வராவிட்டால் வாடிப்போவாள். இவர் என்னடா என்றால் ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்கிறார்.

கோணேசர் வீதி:
திருட்டுப் பயத்தை விடுங்கள் அக்கா, பயம் அவர்களுக்குத்தான் கூட. அதே மாதிரி ஒன்றை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கலாம், நாளைக்கு அது கடைக்கு வந்ததும் "இது என்னுடையது" என்று யாராவது வழக்குப் போட்டால்? அதனால்தான் பெரிய கம்பனிகள் பல வெளி ஆட்களின் ஐடியாவை எடுப்பதே இல்லை. லெகோவில் அதற்கென்று லெகோ ஐடியாஸ் என்ற இணையத்தளம் இருக்கிறது. நாங்கள் கட்டிய மாதிரியைப் போடலாம், 10,000 பேர் ஆதரவு தந்தால் கம்பனி பரிசீலிக்கும், விற்பனைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 சதவீதம் கிடைக்கும். ஆனால் 13 வயது ஆகியிருக்க வேண்டும், மகளுக்கு இன்னும் நாலு வருடம்.

என் மகனும் ஒரு கம்பனிக்கு எழுதினான். வந்தது அச்சடித்த கடிதம், ஐடியா ஏற்பதில்லை என்று. அவனுடைய பெயர் மட்டும் சரியாக இருந்தது. அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.

கிண்ணியாப் பாலம்:
அனுப்புங்கள், ஆனால் ஐடியாவாக இல்லாமல் கேள்வியாக. 2019இல் அமெரிக்காவில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, பச்சை நிறப் பிளாஸ்டிக் இராணுவப் பொம்மைகளில் ஏன் பெண்களே இல்லை என்று எழுதிக் கேட்டது. ஸ்க்ராண்டனில் இருக்கிற பிஎம்சி டொய்ஸ் என்ற சின்னக் கம்பனி அடுத்த வருடமே பெண் வீரர்களைச் செய்து விட்டது. அதற்கு முன்பே ஓய்வுபெற்ற கடற்படைப் பெண் ஒருவரும் கேட்டிருந்தாராம், பிள்ளையின் கடிதம்தான் ஊரெல்லாம் பரவியது. "உங்களிடம் மீன்பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்களே, ஏன் ஒருத்தரும் சேர்ந்து வலை இழுப்பதில்லை?" என்று மகள் கேட்கட்டும்.

அப்புறம், தமிழ்க் கடிதத்தை அப்படியே வையுங்கள், ஆங்கிலத்தில் தனித்தாள் ஒன்று சேர்த்தால் போதும், அதில் உங்கள் பெயர் இருக்கட்டும். பிள்ளையின் பள்ளிக்கூடமும் போன் நம்பரும் வேண்டாம். போட்டோ கொப்பி எடுக்க மறந்துவிடாதீர்கள், படம் திரும்பி வராது.

நிலாவெளி மாமா:
பதிலுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டி மடி தையுங்கள், நைலோன் நூல்தான் கயிறு, முற்றத்து மணல்தான் கடல். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டு எனக்குத் தெரியும், வந்து சொல்லித் தருவேன்.

உப்புவெளி அம்மா:
மாமா சொன்ன மாதிரியே செய்தோம். பக்கத்து வீட்டுப் பெடியன்கள் நாலு பேர் வந்தார்கள், யார் சம்மாட்டி என்பதில் சண்டை பிடித்து வலையை ஒரு பக்கம் கிழித்தும் விட்டார்கள். பெரிய கம்பனிகள் ஐடியா எடுப்பதில்லையாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். "அப்ப வாசிக்கவாவது செய்வினமா?" என்றாள். திங்கட்கிழமை தபால் கந்தோருக்குப் போகிறோம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "ஏழாவது ஆளும் வையுங்கோ, ஒருத்தர் எப்பவும் சண்டை பிடிச்சுக்கொண்டு போயிடுவார்."