அப்டேட்: வெள்ளை பூத்த நெல் லாரி சரியாயிடுச்சு

ஐப்பசி மழையில கிளியர் லேக்கர் (நிறமில்லாத பளபள மேல்பூச்சு) அடிச்சு, நான் செய்யுற 1:24 மாடல் லாரியோட (நிஜத்துல 24-ல ஒரு பங்கு அளவு) கேபின் முழுக்க பால் ஊத்துன மாதிரி வெளுத்துப்போச்சுன்னு போட்டிருந்தேன்ல, அது சரியாயிடுச்சுங்க! சுரண்ட வேண்டாம்னு சொன்ன அக்காவுக்கு ரொம்ப நன்றி. தின்னர் சட்டுனு ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காத்துல இருக்குற ஈரம் பெயிண்ட்லயே மாட்டிக்குது, அதான் வெளுப்பு. நம்ம டெல்டால இந்த மாசத்துல ஈரத்துக்கா பஞ்சம். நல்லா வெயில் அடிச்ச நாளா பாத்து, மெதுவா காயுற ரிட்டார்டர் தின்னரை மட்டும் லேசா தூவுனேன், கண்ணு முன்னாடியே சிவப்பு திரும்பி வந்துச்சு, அந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

டயர் மாத்திட்டேன். நிஜ லாரில போடுற 10.00-20 சைஸ் டயர் உயரம் கிட்டத்தட்ட 105 செ.மீ, அப்போ நமக்கு 44 மி.மீ வரணும், பழசு 38 தான் இருந்துச்சு, அதான் வண்டி குட்டையா தெரிஞ்சிருக்கு.

மட்கார்டுல பெயிண்ட் சேறு இல்ல, கும்பகோணத்துல எங்க வாய்க்கா வண்டலையே காயவச்சு மெல்லிய துணில சலிச்சு, தண்ணி கலந்த ஃபெவிகால்ல குழைச்சு அப்புனது. கண்ணாடியும் ஃபெவிகால்லதான் ஒட்டுனேன், சூப்பர் க்ளூ புகை பட்டா கண்ணாடி மங்கிடும்.

இனி லாரில ஏத்த, கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் மூட்டை மாதிரியே குட்டி மூட்டைங்க, டீத்தண்ணில நனைச்ச காடாத்துணில தைச்சிட்டிருக்கேன், இதுவரைக்கும் 22 ஆச்சு.