கொழும்பில் கொரியச் சாப்பாட்டுக் கடைக்குப் போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

களுவாஞ்சிகுடி அக்கா:

என் தம்பி கொரிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ணி, மெடிக்கலும் முடித்து, இப்போது அழைப்புக்காகக் காத்திருக்கிறான். தொழிற்சாலை வேலை, ஈ-9 விசா, எல்லாம் சரிவந்தால் 4 வருடம் 10 மாதம் வரை அங்கேயே இருக்கலாம். வேலையை நினைத்து அவனுக்குப் பயமில்லை, சாப்பாட்டை நினைத்துத்தான் யோசிக்கிறான், ஏனென்றால் சின்ன வயதிலிருந்தே மத்தியானம் சோறும் மீன்கறியும் இல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

அடுத்த மாதம் பத்தரமுல்லை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் ஒரு அலுவல் இருக்கிறது, அம்மாவும் நானும் கூடப் போகிறோம். அப்படியே கொழும்பில் ஒரு கொரியக் கடையில் அவனை இருத்தி, அங்கே என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று காட்டிவிட ஆசை. நான் பார்த்து வைத்திருப்பது கொரியர் ஒருவரே நடத்துகிற கடை. சம்மணம் போட்டு இருக்கிற தாழ்ந்த மேசைகள், மேசையிலேயே இறைச்சி சுடுகிற அடுப்பு, எல்லாம் இருக்கிறது. ஆனால் போனவர்கள் எழுதியதைப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவர் அந்த ருசிக்காகவே திரும்பப் போவேன் என்கிறார், இன்னொருவர் காசு வீண் என்கிறார்.

எங்கள் வீட்டில் மாடு யாரும் தொடுவதில்லை. தம்பி பன்றி, கோழி, மீன் சாப்பிடுவான். அம்மா முழுச் சைவம், முட்டையும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கடைப் பெயர் போட வேண்டாம், யாருடைய பிழைப்பையும் கெடுக்க விரும்பவில்லை.

கல்லடிப் பொடியன்:

அக்கா, நீங்கள் சொல்வது போன்ற ஒரு கடைக்கு வேலைத்தள நண்பர்களோடு போனேன். எனக்குச் சரிவரவில்லை. சுடுகிற இறைச்சி ஒரு ஆளுக்கு மட்டும் தரமாட்டார்கள், குறைந்தது இரண்டு பங்கு எடுக்க வேண்டும், அந்த இரண்டு பங்கும் வந்து பார்த்தால் ஒரு தட்டில் மெல்லிய துண்டுகள்தான். சின்னச் சின்னக் கிண்ணங்களில் பக்கக் கறிகள் வைத்தார்கள், அவை நல்லாயிருந்தன, ஆனால் இன்னும் கொஞ்சம் கேட்டபோது அதற்கும் காசு என்றார்கள். கொரியாவில் அது சும்மா தருவது, எத்தனை தரம் கேட்டாலும் நிரப்பித் தருவார்கள் என்று எங்களோடு வந்த, அங்கே வேலை செய்த ஒருவர் சொன்னார். சாப்பாடு வர நெடுநேரம் ஆனது. சூப்பும் சூடில்லை. பில்லைப் பார்த்தபோது எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. அந்தக் காசுக்கு வாவி நண்டும் இறாலும் வாங்கி வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

பெரியகல்லாறு, முன்னாள் அன்சான்:

தங்கச்சி, நான் ஒரு முழு ஒப்பந்தக் காலமும் கொரியாவில், அன்சான் நகரத்தில் இருந்துவிட்டு வந்தவன். கொழும்புக் கடைகளிலும் சாப்பிட்டிருக்கிறேன். தம்பி கல்லடி சொல்வதில் பிழையில்லை, ஆனால் அவர்கள் எடுத்தது ஒரு வகைச் சாப்பாடு, உங்கள் தம்பி அங்கே நாளாந்தம் சாப்பிடப்போவது இன்னொரு வகை.

மேசையில் சுடுகிற பன்றி, அதுதான் சம்க்யொப்சல், அங்கே சம்பள நாளிலோ வேலை முடிந்து கூட்டாளிகளோடு போகும்போதோ சாப்பிடுவது. அதைப் பாரம்பரியம் என்று கடைக்காரர்கள் சொன்னாலும், அது நாடு முழுக்க இவ்வளவு பிரபலமானது 1970, 80களில்தான். பழைய கொரியச் சாப்பாடு என்றால் சோறு, ஒரு சூப், கோவாவைப் புளிக்க வைத்துச் செய்கிற கிம்ச்சி, அதோடு பக்கக் கறிகள். அந்தப் பக்கக் கறிகளைத்தான் பஞ்சான் என்பார்கள். இதெல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சோயாவைப் புளிக்க வைத்துச் செய்கிற சுவைக்கூட்டுகள்: தொயென்ஜாங் என்கிற விழுது, சோயா சோஸ், மிளகாய் சேர்த்த விழுதான கொச்சுஜாங். கிம்ச்சி போட்டு எல்லோரும் பகிர்கிற வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது, இந்தக் கூட்டுகள் செய்கிற முறையையும் 2024இல் சேர்த்துவிட்டது. ஆகவே ஒரு கொரியக் கடை நல்லதா கெட்டதா என்று நான் பார்ப்பது அடுப்பையோ தாழ்ந்த மேசையையோ வைத்து இல்லை. கிம்ச்சி அவர்களே போட்டதா, தொயென்ஜாங் சூப் கொதிக்கக் கொதிக்க மண்சட்டியில் வருகிறதா, பஞ்சான் ஒவ்வொன்றும் வேறு வேறு ருசியாக இருக்கிறதா, இவ்வளவுதான். இவை சரியென்றால் மற்றதெல்லாம் தானாகச் சரியாக இருக்கும். கல்லடித் தம்பிக்குச் சூடில்லாத சூப் வைத்த கடையை நானும் நல்ல கடை என்று சொல்லமாட்டேன்.

உங்கள் தம்பிக்கு முதலில் பிபிம்பாப் எடுத்துக் கொடுங்கள். சோற்றின் மேல் கரட், கீரை, முளைப்பயறு, காளான் எல்லாம் தனித்தனியாக வைத்து, நடுவில் கொச்சுஜாங் போட்டு வரும். நாங்கள் சோற்றைக் கறிகளோடு கையால் பிசைகிற மாதிரி அவர்கள் கரண்டியால் நன்றாகக் கிண்டித்தான் சாப்பிடுவார்கள், கிண்டாமல் மேலாக மேலாக எடுத்துச் சாப்பிட்டுவிட்டு ருசியில்லை என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கற்சட்டியில் வருகிறதை எடுத்தால் அடியில் சோறு முறுகிப் பிடித்திருக்கும், அதைச் சுரண்டிச் சாப்பிடுவதுதான் அதில் நல்ல இடம். வழமையாக மாட்டிறைச்சியும் முட்டையும் போடுவார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுடைய அரிசி குட்டையானது, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். எங்கள் நாட்டரிசி சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு ஆரம்பத்தில் அது பெரிய கஷ்டம், காரத்தைவிட அதுதான் கஷ்டம். காரம் நமக்கு ஒன்றுமே இல்லை, கொரிய மிளகாய்த்தூள் நிறத்துக்கு ஏற்ற உறைப்பு கிடையாது, கொஞ்சம் இனிப்பும் இருக்கும்.

ஏறாவூர் ராத்தா:

தங்கச்சி, நாங்கள் குடும்பமாகக் கொழும்பில் வேறு வேறு கொரியக் கடைகளுக்குப் போயிருக்கிறோம். எங்கள் ஆட்கள் இதையும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். ஒரு கடையில் ஹலாலா என்று கேட்டதற்கு, பன்றி இல்லை என்று மட்டும் சொல்லி எங்களை இருத்திவிட்டார்கள். பக்கத்து மேசையில் சோஜு என்கிற கொரிய மதுப் போத்தல் இருந்தது. பிறகு விசாரித்தால் இறைச்சி ஊற வைப்பதற்குச் சமையல் மதுவும் சேர்க்கிறார்களாம். எழும்பி வந்துவிட்டோம், பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். இன்னொரு கடையில் கடைக்காரர், ஒரு கொரியப் பெண்மணி, சமையலறையிலிருந்து வெளியே வந்து, இறைச்சி ஹலால் இல்லை, ஆனால் கடலுணவுச் சாமான்களைத் தனிச்சட்டியில் செய்து தருகிறேன், மது சேர்க்கமாட்டேன் என்று நேராகச் சொன்னார். அங்கே கணவாயும் இறாலும் போட்ட பாஜொன் சாப்பிட்டோம். வெங்காயத்தாளோடு மாவில் தட்டையாகப் பொரித்தது, ஓரமெல்லாம் மொறுமொறு என்று அவ்வளவு ருசி. அந்த நேர்மைக்காகவே அங்கே திரும்பப் போகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள், பக்கெட்டில் வருகிற கொச்சுஜாங்கிலும் சோயா சோஸிலும் பழுதாகாமல் இருக்க மது சேர்ப்பது உண்டு, லேபிளில் போட்டிருப்பார்கள். போத்தலைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கொரியாவுக்குப் போகிற எங்கள் பொடியன்களுக்கு: சியோலில் இதேவொன் பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் இருக்கின்றன, லீவு நாளில் போகலாம்.

பொத்துவில் சமையல்காரன்:

நான் அறுகம்பேயில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவன். கொரியச் சுற்றுலாப் பயணிகளுக்கும் சமைத்திருக்கிறேன், ஆனால் இதைச் சமையல்காரனாக அல்ல, கணக்குத் தெரிந்தவனாகச் சொல்கிறேன். விலைப்பட்டியலில் போட்டிருக்கிற விலையோடு 10 வீதம் சேவைக் கட்டணம் வரும், அதன் மேல் வற் வரி, அது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். கடை இவற்றைச் சேர்க்காமல் விலை போட்டிருந்தால் கடைசியில் கால்பங்குக்கு மேல் கூடும். முகம் மாறுவது அங்கேதான். இருப்பதற்கு முன்பே, வரி சேர்ந்த விலையா என்று கேட்டுவிடுங்கள். சோஸ், கடற்பாசி, சர்க்கரைவள்ளி மாவில் செய்கிற நூடில்ஸ் எல்லாம் கப்பலில் வருகிற சாமான், மலிவாகக் கொடுக்க அவர்களாலும் முடியாது. மத்தியானச் செட் சாப்பாடு இருக்கிற கடை என்றால் அந்த நேரத்துக்குப் போங்கள், இரவை விடக் குறையும்.

அக்கா, எனக்கு உங்கள் அம்மாவை நினைத்துத்தான் கவலை. மரக்கறி என்று சொன்னால் இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் போதும் என்று நினைக்கிற சமையலறைகள் நிறைய. கொரியச் சூப்பின் அடித்தண்ணீர் பெரும்பாலும் நெத்தலிக் கருவாடும் கடற்பாசியும் போட்டு அவித்தது. கிம்ச்சியில் மீன் சோஸோ உப்பிட்ட கூனியோ இருக்கும், பார்த்தால் வெறும் கோவா மாதிரித்தான் தெரியும். ஆகவே மரக்கறி என்ற ஒரு சொல்லோடு நிற்காமல், மீன் தண்ணீர், மீன் சோஸ், கூனி, முட்டை எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முதல் நாளே போன் பண்ணிச் சொல்வது இன்னும் நல்லது, நெரிசல் நேரத்தில் எந்தச் சமையல்காரனாலும் தனியாக ஒன்று செய்து தர முடியாது.

கல்லடிப் பொடியன்:

வரி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஞ்சானுக்குத் திரும்பக் காசு கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாரம்பரியக் கடை என்று வாசலில் போர்டு போட்டால் அந்தப் பழக்கத்தையும் காப்பாற்ற வேண்டும். கோவா விலை கூடினால் கிண்ணத்தைச் சின்னதாக்குங்கள், இரண்டாம் முறைக்கு வாடிக்கையாளரைக் கூச வைக்காதீர்கள்.

களுவாஞ்சிகுடி அக்கா:

இவ்வளவு விபரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அப்போ சுடுகிற இறைச்சியை விட்டுவிட்டு மத்தியானம் போகிறோம், முதல் நாளே போனும் பண்ணுகிறேன். அன்சான் அண்ணன், இன்னும் இரண்டு கேள்வி. அம்மாவுக்கு உண்மையிலேயே வயிறு நிறைய என்ன எடுக்கலாம்? மற்றது, தொழிற்சாலையில் தம்பிக்கு என்ன சாப்பாடு தருவார்கள்?

பெரியகல்லாறு, முன்னாள் அன்சான்:

அம்மாவுக்கு முட்டையும் இறைச்சியும் இல்லாத பிபிம்பாப், அதோடு கீரையும் முளைப்பயறும் எள்ளெண்ணெயில் பிரட்டிய பஞ்சான். அந்த எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, வாசனை தூக்கலாக இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஜாப்சே என்கிற, அந்தச் சர்க்கரைவள்ளி மா நூடில்ஸும் எடுக்கலாம், ஆனால் அதிலும் மாடு போடுவார்கள், மறக்காமல் சொல்லுங்கள். கிம்ச்சியை அம்மாவின் பக்கம் வைக்க வேண்டாம்.

தொழிற்சாலைச் சாப்பாடு இடத்துக்கு இடம் வேறு. நான் இருந்த இடத்தில் சோறு, சூப், கிம்ச்சி, இரண்டு மூன்று பஞ்சான், ஒரு இறைச்சியோ மீனோ. பன்றி அடிக்கடி வரும். மாடு சாப்பிடாதவர் என்றால் முதல் கிழமையிலேயே சமையல் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும், சொன்னால் முட்டை பொரித்துத் தருவார்கள், சொல்லாமல் தட்டில் மிச்சம் வைத்தால்தான் கோபம் வரும். வயதில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடங்குவது அவர்கள் வழக்கம், சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கவும் கூடாது. கிழமைக் கடைசியில் விடுதியில் அநேகமாக அவரவர் சமையல். அன்சானில் வொன்கொக்-டொங் பக்கம் எங்கள் நாட்டுச் சாமான் வாங்கலாம், மிளகாய்த்தூள், பருப்பு எல்லாம் கிடைக்கும், ஆனால் தம்பிக்கு வேலை கிடைப்பது வேறு மாகாணத்தில் என்றால் அது தூரம். அதனால் சோறு காய்ச்சவும் ஒரு மீன்கறி வைக்கவும் இப்போதே பழக்கிவிடுங்கள். உலோகக் குச்சியால் சாப்பிடுவதற்கும் கடையிலேயே கொஞ்சம் பழகட்டும், தட்டையாக வழுக்கும், ஆரம்பத்தில் கை நோகும். சோற்றுக்கு எப்படியும் கரண்டி இருக்கிறது.