கொட்டாய் வீடு குடும்ப குரூப்: தகர பொட்டியும் போஸ்டரும்

ஞாயிறு, காலை 9:40

தமிழ்: எல்லாரும் வாங்க சீக்கிரம். ஆயா வீட்டு பரண் ஒட்டடை அடிக்கலாம்னு ஏறுனேன், தாத்தாவோட தகர பொட்டி ஒண்ணு மூலையில கெடந்துச்சு, தொறந்தா உள்ள ஃபுல்லா பழைய சினிமா போஸ்டர்

தமிழ்: (போட்டோ) (போட்டோ) (போட்டோ)

லதா: டேய் மூக்குல துணி கட்டிட்டு தொறடா, எலி புழுக்கையா இருக்கும்

கவிதா: அது தாத்தா சினிமா கொட்டாய்ல வேல பாத்தப்ப உள்ள பொட்டி தான? சின்ன வயசுல தொட விட மாட்டாரே

பிரபு: மாப்ள எத்தன இருக்குது எண்ணிப் பாத்தியா

தமிழ்: 22 மச்சான். அதுல நாடோடி மன்னனே ரெண்டு இருக்கு. ஒண்ணு சூப்பரா பளபளன்னு, இன்னொண்ணு கிழிஞ்சி மஞ்சளா போய் அசிங்கமா இருக்கு

பிரபு: டேய் நான் ஒண்ணு படிச்சேன். அமெரிக்காவுல பென்சில்வேனியால பெர்விக்னு ஒரு ஊரு, அங்க ஒரு வீட்டு பரண்ல 33 போஸ்டர் கெடச்சிருக்கு, எல்லாம் 1930, 31 படம், வால்பேப்பர் பசைல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அட்டை மாதிரி. 2012ல ஏலம் விட்டாங்க, அஞ்சு லட்சத்து மூவாயிரம் டாலர்! அன்னைக்கி ரேட்லயே ரெண்டரை கோடி ரூபா!!

தமிழ்: மச்சான் நம்ம 22ம் பரண்ல தான் இருந்துச்சு

பிரபு: அதான்டா சொல்றேன்

லதா: ரெண்டரை கோடியா. அப்ப அந்த பொட்டிய கீழ எறக்குங்க பத்திரமா

கவிதா: அத்தை இப்ப எலி புழுக்கை பரவால்லயா

லதா: போடி

தமிழ்: சீனு மாமா எங்க, அவரு தான இதெல்லாம் சேக்குறாரு

பிரபு: சித்தப்பா இன்னும் தூங்குறாரு போல

காலை 10:15

சீனு: தூங்கல, கிருஷ்ணகிரில மார்க்கெட்ல நின்னுனு இருந்தேன், இப்ப தான் பாக்குறேன். யாரும் எதையும் தொடாதீங்க. தண்ணி, துணி, செலோடேப் எதுவும் கிட்ட போவக்கூடாது. அப்புறம் பிரபு, அந்த 33ல டிராகுலா பட போஸ்டர் மட்டுமே ஒரு லட்சத்து நாப்பத்தி மூவாயிரம் டாலர் தாண்டிச்சி, மொத்தத்துல கால்வாசிக்கு மேல அந்த ஒரே போஸ்டர். மீதி 32ம் சேந்து தான் மிச்ச காசு. நியூஸ்ல மொத்தத்த மட்டும் போடுவான்

பிரபு: சரி சித்தப்பா, நம்மகிட்ட ஒரு டிராகுலா இருக்காதா

சீனு: நம்மகிட்ட இருக்கறது டிராகுலா இல்லடா, உங்க தாத்தா. கேளு, நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ஏலத்துல போஸ்டருக்கு பெரிய வெல வந்தது 1997ல, மம்மி படத்து போஸ்டர், நாலு லட்சத்து 53 ஆயிரத்து 500 டாலர். அத ஒடைக்க 2014 வரைக்கும் ஆச்சி, லண்டன் ஆஃப்டர் மிட்நைட், நாலு லட்சத்து 78 ஆயிரம். அப்புறம் 2017ல டிராகுலால இன்னொரு டிசைன், அஞ்சு லட்சத்து 25 ஆயிரத்து 800. வேற வேற போஸ்டர் தான் ஒத்துக்குறேன், ஆனா இருவது வருஷத்துல ரெக்கார்டு ஏறுனது 72 ஆயிரம் டாலர், பேங்க்ல போட்டு தூங்கிருந்தா அதுக்கு மேல வந்திருக்கும். எல்லாரும் ரெக்கார்டு வெலய பாத்துட்டு பரணுக்கு ஏணி வெக்கிறீங்க

தமிழ்: மாமா அப்ப நீங்க எதுக்கு சேக்குறீங்க

சீனு: எனக்கு புடிக்கும் அதான். உங்க அத்தை கிட்ட சொல்லிறாத

கவிதா: சித்தி இந்த குரூப்ல இருக்காங்க சித்தப்பா

சீனு: ஐயோ

லதா: டேய் சீனு வெலய சொல்லுடா சுத்தி வளைக்காம

சீனு: அக்கா சொல்றேன் இரு. அந்த 5,25,800ங்கறது கூட சுத்தியல் தட்டுன வெல கெடையாது, வாங்குறவன் மேல ஏலக்காரன் போடற கமிஷன் 20, 25 பர்சென்ட் அதுலயே சேந்திருக்கும். விக்கிறவன் கையில வேற புடிப்பான். நம்ம புளி மண்டில தரகு புடிக்கிற மாதிரி தான், இங்க ரெண்டு பக்கமும் புடிக்கிறான். நம்ம தமிழ் போஸ்டருக்கு அந்த மாதிரி ஏலம் போட்டு வெல எழுதி வெக்கிற வழக்கம் கம்மி, ஆன்லைன்ல 50 ஆயிரம் 1 லட்சம்னு போட்டிருக்கறது எல்லாம் கேக்குற வெல, வித்த வெல இல்ல. மாங்கா சீசன்ல தோட்டத்துக்காரன் சொல்ற வெலக்கும் ஜூஸ் ஃபேக்டரி குடுக்குற வெலக்கும் உள்ள தூரம்

தமிழ்: சரி மாமா. அந்த பளபள நாடோடி மன்னன் மட்டுமாவது நல்ல வெல போவும்ல

சீனு: அதோட அடி ஓரத்த போட்டோ புடி. பிரஸ் பேரு பொடியா போட்டிருப்பான் பாரு, அது தெரியற மாதிரி

தமிழ்: (போட்டோ)

சீனு: சிவகாசி 626123ன்னு இருக்கா

தமிழ்: ஆமா

சீனு: முடிஞ்சிது. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15 அன்னைக்கி. படம் வந்தது 1958. எம்ஜியார் படம் எல்லாம் வருஷா வருஷம் திருப்பி திருப்பி ஓட்டுவாங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா போஸ்டர் அடிப்பாங்க. இது அந்த மாதிரி ஒரு ரவுண்டுல அடிச்சது. மேல "புத்தம் புதிய காப்பி"ன்னு கூட இருக்கும் பாரு

தமிழ்: இருக்கு மாமா..

பிரபு: மாப்ள டல் ஆயிட்டான்

கவிதா: சித்தப்பா எனக்கு ஒரு டவுட்டு, அங்க அமெரிக்காவுல மட்டும் எப்டி அவ்ளோ பழசு தங்குச்சு, நம்ம ஊர்லயும் லட்சக்கணக்குல தான அடிச்சிருப்பாங்க

சீனு: நல்ல கேள்வி டீச்சர். அங்க போஸ்டர் ஒரு தியேட்டர்ல வெச்சிட்டு, படம் முடிஞ்சா மடிச்சி திருப்பி அனுப்பணும், அது அடுத்த ஊருக்கு போவும், அதனால தான் பழைய இங்கிலீஷ் போஸ்டர்ல மடிப்பு கோடு இருக்கும், அத ஏலத்துல கொறையா எடுத்துக்க மாட்டான். நம்ம ஊர்ல மைதா பசைய காச்சி செவுத்துல அப்பிட்டா கத முடிஞ்சிது, அடுத்த வாரம் அது மேலயே அடுத்த படம். மிச்சத்த மாடு தின்னுரும். செவுத்துல ஒட்டுனது ஒண்ணும் மிஞ்சாது, ஒட்டாம வுட்டது தான் மிஞ்சும்

தமிழ்: சரி மாமா அந்த கிழிஞ்சத தூக்கி போட்டுடவா. அதுல வேற டாக்கீஸ் பேரு போட்டு கீழ ஒட்ட வேண்டிய சீட்டு ஒண்ணு கோணலா எம்ஜியார் மூஞ்சி மேல பாதி ஒட்டிக்கிட்டு இருக்கு. தண்ணி தெளிச்சி சீட்ட மட்டும் உரிச்சிட்டா மூஞ்சி தெரியும்ல, ஒரு ஓரத்த ஆரம்பிச்சிட்டேன்

சீனு: நிறுத்து

சீனு: டேய் நிறுத்துடா

சீனு: கைய எடு!!!

(சீனு: தவறிய வாய்ஸ் கால்)

(சீனு: தவறிய வாய்ஸ் கால்)

லதா: எடுடா போன, மாமன் கத்துறான்

தமிழ்: நிறுத்திட்டேன் நிறுத்திட்டேன், ஒரு விரல் அகலம் தான் ஈரம் ஆச்சி

சீனு: ஃபேனுக்கு கீழ வெக்காத, தேய்க்காத, நெழல்ல அப்டியே காய விடு. சீட்டுல என்ன எழுதிருக்குன்னு எழுத்து விடாம அடி

தமிழ்: டாக்கீஸ் பேரு பாதி எலி தின்னுடுச்சு மாமா. மீதி இது தான். "...ரிங் டாக்கீஸ், காவேரிப்பட்டணம், சேலம் ஜில்லா. நாளை முதல். தினசரி 2 காட்சிகள். தரை 25 ந.பை."

சீனு: திருப்பி சொல்லு

தமிழ்: தரை 25 ந.பை.

சீனு: (வாய்ஸ் மெசேஜ் 0:06)

கவிதா: சித்தப்பா இதுல நீங்க பேசவே இல்ல, மூச்சு சத்தம் தான் கேக்குது

சீனு: பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டேன். கேளுங்க. ந.பை.ன்னா நயா பைசா. 1957 ஏப்ரல்ல அணா போயி நயா பைசா வந்துச்சு, 1964 ஜூன்ல நயாங்கற வார்த்தைய எடுத்துட்டு வெறும் பைசா ஆக்கிட்டாங்க. அப்புறம் சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர், நம்ம கிருஷ்ணகிரி 2004ல தான். அதனால இந்த சீட்டு 1964க்கு முந்தினது, படம் 58 ஆகஸ்ட்ல வந்துச்சு, டெண்ட் கொட்டாய்க்கு வர கொஞ்ச நாள் ஆயிருக்கும். அப்ப இது அனேகமா மொத ரவுண்டு போஸ்டர்டா. பளபளன்னு இருக்கறவன் பேரன், கிழிஞ்சவன் தான் தாத்தா

பிரபு: சீட்ட வெச்சே கண்டுபுடிச்சிட்டாரு

சீனு: அந்த சீட்டு இல்லன்னா இது மஞ்சள் காயிதம், யாரு வேணா எந்த வருஷம்னு வேணா சொல்லலாம். நானே போன வருஷம் ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 50கள்ல உள்ளதுன்னு ஒண்ணு வாங்குனேன், மஞ்சளா இருந்துச்சி, மோந்து பாத்தா டீ வாசன. டீத்தண்ணில முக்கி காய வெச்சிருக்கான். கடைல கள்ளநோட்டு பாக்குற நீல லைட்டு இருக்குல்ல, அதுல காட்டுனேன், வெள்ளவெளேர்னு மின்னுது. வெளுப்பு கெமிக்கல் போட்ட பேப்பரு தான் அப்டி மின்னும், 1950க்கு முந்தி அது பேப்பர்ல கெடையாது, அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா தான் வந்துச்சி. லென்ஸ் வெச்சி பாத்தா கலர் எல்லாம் இங்க்ஜெட் புள்ளி. மூவாயிரம் போச்சி

லதா: மூவாயிரமா?? எங்கிட்ட ஆயிரத்து இருநூறுன்னு சொன்ன

சீனு: பஸ் வந்துருச்சி அக்கா

காலை 11:30

பிரபு: சித்தப்பா ஒரு விஷயம், திட்டாதீங்க

பிரபு: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கவிதா: அண்ணா நான் பாத்துட்டேன்

தமிழ்: நானும் பாத்துட்டேன் மச்சான்

சீனு: என்னடா அது

பிரபு: போன பொங்கலுக்கு வந்தப்ப அந்த பொட்டில மேலாக இருந்த கர்ணன் போஸ்டர ஆயா கிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தேன்.. ஓசூர்ல ஹால்ல மாட்டிருக்கேன்.. கெட்டுப் போயிடக்கூடாதுன்னு லேமினேட் பண்ணி..

சீனு: லேமினேட்டா

சீனு: சூட்டுல பிளாஸ்டிக்க காயிதத்தோட உருக்கி ஒட்டிட்டியாடா?? அது ஜென்மத்துக்கும் வராதே. வெளிநாட்டுல ஒரு போஸ்டர் கிழிஞ்சா ஜப்பான் பேப்பர் ஒட்டி, அதுக்கு பின்னால கித்தான் துணி, அதுவும் கோதுமை மாவு பசைல தான், ஏன்னா நாளைக்கி வேணாம்னா தண்ணில திருப்பி எடுத்துறலாம். அவன் நம்ம மைதா பசைய தேடி போறான், நீ பிளாஸ்டிக்க ஒட்டுற

பிரபு: 180 ரூபா ஆச்சு சித்தப்பா

லதா: 1964 படம் ஆச்சே கர்ணன். அப்பாவுக்கு உசுரு அந்த படம்னா

கவிதா: அண்ணா முழுசா ஒரு போட்டோ போடு, பாத்துடலாம்

பிரபு: (போட்டோ)

கவிதா: ஜூம் பண்ணி பாருங்க எல்லாரும். வலது பக்கம் மேல மூலையில

தமிழ்: "டிஜிட்டல்"

தமிழ்: ஹாஹாஹா மச்சான்ன்ன்

சீனு: அப்பாடா. 2012ல புதுப்பிச்சி ரிலீஸ் பண்ணாங்களே அதோடது. ஞாபகம் வருது, அப்பாவ நான் தான் கிருஷ்ணகிரிக்கு கூட்டிட்டு போனேன், படம் விட்டு வெளிய வந்து தியேட்டர்காரர் கிட்ட நின்னு ஒரு போஸ்டர் குடுப்பான்னு கேட்டாரு, அவன் சிரிச்சிட்டே குடுத்தான். அந்த வயசுலயும் அத மடிக்காம சுருட்டி மடில வெச்சிக்கிட்டு பஸ்ல வந்தாரு

பிரபு: இப்ப எனக்கு அதுவும் கஷ்டமா இருக்கு சித்தப்பா

சீனு: விடு. அது ஒன்னோடது

பகல் 12:20

தமிழ்: ஆயா கிட்ட அந்த கோண சீட்டு போஸ்டர காட்டுனேன். சிரிச்சிட்டே இருக்கு. வாய்ஸ் போட சொன்னேன்

தமிழ்: (வாய்ஸ் மெசேஜ் 1:52)

பிரபு: மீட்டிங்ல இருக்கேன், யாராவது டைப் பண்ணுங்க

லதா: ஞாயித்துக்கெழம என்னடா மீட்டிங்

கவிதா: நான் அடிக்கிறேன், ஆயா சொன்ன மாதிரியே. "அந்த சீட்ட ஒட்டுனது நாந்தான். கல்யாணம் ஆயி புதுசு. கொட்டாய்க்கு பசை காச்சறது எங்கூட்ல தான், மைதா மாவுல மயில்துத்தம் போட்டு காச்சோணும், இல்லன்னா மாடு போஸ்டர தின்னுரும், பூச்சியும் வரும். அன்னைக்கி அவருக்கு சொரம், நான் ஒட்றேன்னு வாங்குனேன். எனக்கு எழுத்து தெரியாதா, எது கீழ எது மேலன்னு தெரில, அவசரத்துல எம்ஜியாரு மூஞ்சி மேலயே கோணையா அப்பிட்டேன். கொட்டாய் மொதலாளி பாத்துட்டு இத செவுத்துல ஒட்டுனா ஊரு சும்மா வுடுமாய்யான்னு அவர புடிச்சி கத்தி அனுப்பிட்டாரு. இவரு மடிச்சி கக்கத்துல வெச்சிக்கினு வந்தாரு. என்ன ஒண்ணும் சொல்லல. பொட்டில போட்டுட்டாரு."

கவிதா: அவ்ளோ தான், அப்புறம் இருமல்

சீனு: செவுத்துக்கு போவாததால தான் மிஞ்சிருக்கு

லதா: அம்மா எங்கிட்ட ஒரு நாளும் இத சொல்லல

தமிழ்: பின்னாடி பென்சில்ல எழுதிருக்கு மாமா, இப்ப தான் திருப்பி பாத்தேன். "பசை மாவு 2 படி. துத்தம் 1 அணா. சொரத்துக்கு கஷாயம்"

சீனு: அணா போயி நயா பைசா வந்த அப்புறமும் அப்பா அணாலயே கணக்கு எழுதுவாரு, கடேசி வரைக்கும்

பிரபு: மீட்டிங்க விட்டு வெளிய வந்துட்டேன். இத யாரும் விக்கக்கூடாது

லதா: காலைல ரெண்டரை கோடின்னது யாரு

பிரபு: அது வேற அத்தை

தமிழ்: சும்மா தெரிஞ்சிக்க கேக்குறேன் மாமா, வெல எவ்ளோ போவும்

சீனு: சேக்குறவன் ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டா ஒரு வெல, ஒருத்தன் மட்டும் இருந்தா ஒரு வெல. மூஞ்சி மறைஞ்சிருக்கேன்னு பாதி பேரு கொறைப்பான். இந்த சீட்டுக்காகவே வாங்குறவன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட காசு கெடையாது, அவன் இப்ப காவேரிப்பட்டணம் பஸ்ல நின்னுக்கிட்டு டைப் பண்றான்

லதா: சாப்பாட்டுக்கு வந்துருவியா, களி கிண்டவா சோறு வெக்கவா

சீனு: களியே கிண்டு அக்கா. தமிழு, நான் வர வரைக்கும் எல்லாத்தையும் கட்டில்ல தட்டையா வெய்யி, மேல வெள்ள வேட்டி போத்து. நியூஸ்பேப்பர் நடுவுல வெக்காத, அதோட கறை ஏறும். நான் பட்டர் பேப்பர் வாங்கிட்டு வரேன்

தமிழ்: சரி மாமா. ஆயா பொட்டிய தொடச்சி வெயில்ல வெச்சிருக்கு. அரிசி கொட்டி வெக்கணுமாம், அடியில விரிக்க பெருசா ஒரு காயிதம் கேக்குது, போஸ்டர்ல ஒண்ணு குடுன்னு

சீனு: பிரபு வீட்டு கர்ணன விரிக்க சொல்லு. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது