மூடிய சுரங்கத்துக்குள் போனவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

வியாசர்பாடி பையன்:

வணக்கம். கொஞ்ச நாளாக யூடியூபில் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் போகிறவர்களின் வீடியோவாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெவாடா, வேல்ஸ் என்று எங்கெங்கோ போகிறார்கள். தலையில் ஒரு லைட், முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய தள்ளுவண்டி, துருப்பிடித்த தண்டவாளம், சுவரில் யாரோ கரியால் எழுதிய தேதி எல்லாம் அப்படியே இருக்கிறது.

என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். வடசென்னையில் தங்கவயல் சொந்தம் உள்ள குடும்பங்கள் நிறைய என்று தெரியும், அதனால்தான் இங்கே கேட்கிறேன். அங்கேயோ வேறு எங்கேயோ பழைய சுரங்கத்துக்குள் போனவர்கள் இருந்தால் நடந்ததைச் சொல்லுங்கள். ‘போகாதே’ என்று மட்டும் சொல்ல வேண்டாம், அதை அம்மாவே சொல்லிவிட்டார்.

பெரம்பூர் தாத்தா:

தம்பிக்கு. நான் சொல்கிறேன், பேரன் தட்டச்சு செய்கிறான். 1976இல் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சேர்ந்தேன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடும் வரை இருந்தேன். அப்புறம்தான் பெரம்பூர்.

நீ பார்க்கும் வீடியோவில் மலையின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், நடந்தே போகலாம். தங்கவயல் அப்படி இல்லை. நேர் கீழே இறங்குவது. சாம்பியன் ரீஃப் சுமார் 3,200 மீட்டர் ஆழம். அடிவரை ஒரே கேஜில், அதாவது ஆளை இறக்கும் லிஃப்ட் கூண்டில், போக முடியாது. ஒரு சாஃப்டில், அதாவது செங்குத்துக் குழியில், இறங்கி, உள்ளே நடந்து, இன்னொரு சாஃப்டைப் பிடித்து மறுபடியும் இறங்க வேண்டும். புதிதாக வந்த பையன்கள் முதல் நாள் கேஜில் கண்ணை மூடிக்கொள்வார்கள். காது அடைக்கும். எச்சில் விழுங்கச் சொல்வோம்.

கீழே போகப் போகப் பாறையே சுடும். அடியில் 60 டிகிரிக்கு மேல். கையை வைத்தால் எடுத்துவிடுவாய். மேலே பெரிய இயந்திரம் வைத்துக் காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்புவார்கள். அந்தக் காற்று வரும் வழியில் நின்றால் ஒரு சுகம், பத்தடி தள்ளி நின்றால் உடம்பெல்லாம் வியர்வை. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது, பெங்களூருக்குக்கூட அதற்கப்புறம்தான். எங்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் பெருமைக்காக வந்த மின்சாரம் இல்லை அது. காற்று, தண்ணீர் இறைக்கும் பம்பு, கேஜ், எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும்.

ஏர் பிளாஸ்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பொறியாளர்கள் ராக் பர்ஸ்ட் என்பார்கள். அத்தனை ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரம் முழுவதும் சுவர் மேல் நிற்கிறது. தாதுவை வெட்டி எடுக்க எடுக்க அந்தப் பாரம் மிச்சம் இருக்கும் பாறைக்குப் போகும். தாங்காத ஒரு நிமிஷத்தில் அது வெடிக்கும். சரிவது இல்லை தம்பி, வெடிப்பது. கல் குண்டு மாதிரி பறக்கும். மேலே ஊரில் அலமாரிப் பாத்திரம் ஆடும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சாஃப்ட் வாசலுக்கு ஓடி வருவார்கள். எந்த லெவல், எந்த ஷிஃப்ட் என்று தெரியும் வரை யாரும் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். நான் ஒரு முறை உள்ளே இருந்தேன். எங்கள் இடத்துக்கு ஒன்றும் இல்லை, தூசிதான். பக்கத்து ஸ்டோப்பில், தாது வெட்டும் இடத்தில், இருந்தவர்களைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அதைத் தடுக்கத்தான் வெட்டின இடத்தில் கருங்கல் அடுக்கிச் சுவர் வைப்பது, பிற்காலத்தில் கான்கிரீட். அந்த வேலை சரியாக நடந்தால்தான் அடுத்த ஆள் உயிரோடு வருவான். இப்போது அதைப் பார்க்க ஆள் கிடையாது, பம்பும் ஓடவில்லை. தண்ணீர் ஏறிவிட்டது. நீ போகணும் என்று சொல்கிற இடம் இப்போது ஒரு கிணறு.

காசிமேடு கானா:

பெரியவரே, கோச்சுக்காதீங்க. உள்ளே இன்னும் தங்கம் இருக்காமே?

பெரம்பூர் தாத்தா:

இருக்கிறது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் 3 கிராம்கூடத் தேறவில்லை. ஆரம்பத்தில் இதைப்போலப் பல மடங்கு கிடைத்தது, அதைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டானே. ஒரு டன்னைத் தோளில் தூக்கி வர முடிந்தால் போய் வா.

மணலி சேஃப்டி:

நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். சுரங்கத்துக்குள் போனதில்லை. ஆனால் மூடின தொட்டிக்குள் ஆளை இறக்குவது என் அன்றாட வேலை, அதனால் காற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வீடியோ எடுக்கிறவர்கள் காட்டாத விஷயம் அதுதான், ஏனென்றால் கேமராவில் அது தெரியாது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். எங்கள் மீட்டர் 19.5க்குக் கீழே இறங்கினாலே அலறும், ஆளை வெளியே எடுத்துவிடுவோம். பத்துக்குப் பக்கத்தில் போனால் மயக்கம். ஆறுக்கு வந்தால் ஓரிரு மூச்சுதான், கத்தக்கூட நேரம் இருக்காது. மூச்சு முட்டுமே, அப்போது தெரிந்துவிடுமே என்று நினைக்கிறீர்கள். தெரியாது. மூச்சு முட்டுகிற உணர்வு வருவது உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால்தான். ஆக்சிஜன் மட்டும் குறைந்தால் ஒரு லேசான தலைசுற்றலோடு, சிலருக்குச் சிரிப்போடுகூட, ஆள் சாய்ந்துவிடுவார்.

பழைய சுரங்கத்தில் ஆக்சிஜன் எங்கே போகிறது? இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாதுக்கள் ஈரத்தில் மெதுவாகத் துருப்பிடிக்கும், முட்டுக் கொடுத்த மரம் மக்கும். இரண்டும் ஆக்சிஜனைத் தின்னும். மக்குவதில் வரும் கார்பன் டை ஆக்சைடு கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். நேற்று நன்றாக இருந்த இடம் இன்று நன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மழைக்கு முன்னால் வெளியே காற்றழுத்தம் குறையும் அல்லவா, அப்போது உள்ளே அடைந்து கிடந்த கெட்ட காற்று வாசல் பக்கம் நகர்ந்து வரும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் தீபம் வைத்துக்கொண்டு போனார்கள். ஆக்சிஜன் 16, 17க்கு இறங்கினாலே சுடர் அணைந்துவிடும், ஆள் திரும்பிவிடுவான். இப்போது எல்இடி லைட். நீங்கள் விழுந்த பிறகும் அது பளிச்சென்று எரியும்.

நம் பகுதியில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவர், அவருக்காக இறங்கிய மூன்றாமவர் என்று செய்தி படிக்கிறோமே. வாயு வேறாக இருக்கலாம், கதை ஒன்றுதான். மனிதரை அதற்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டமே வந்தது, இன்னும் இறக்குகிறார்கள். அவர்கள் வயிற்றுக்காக இறங்குகிறார்கள். நீங்கள் வீடியோவுக்காக இறங்கப் போகிறீர்கள் என்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

கொடுங்கையூர் டிரைவர்:

கூடலூர் பக்கம் டீத்தூள் லோடு ஏற்றப் போவேன். தேவாலா, பந்தலூர் மலையில் பழைய தங்கச் சுரங்கம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 1880 வாக்கில் அங்கே பெரிய தங்க வெறி. ப்ரோ ஸ்மித் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருத்தரைக் கூட்டி வந்து பார்க்கச் சொன்னார்கள், அவர் அறிக்கை கொடுத்ததும் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். சில வருஷத்தில் எல்லாம் காலி. தோண்டின குகை மட்டும் மிச்சம்.

அங்கே எஸ்டேட்டில் இருக்கும் என் சகலை ஒரு வாசலைக் காட்டினார். மேலே சொன்ன மாதிரி இது பக்கவாட்டுத் துளைதான், குனிந்து நடந்து போகலாம். வௌவால் நாற்றம், கணுக்கால் அளவு தண்ணீர். கொஞ்ச தூரம் போனதும் சகலை கையில் இருந்த கம்பால் முன்னால் தண்ணீரைக் குத்தினார். கம்பு முழுசாக உள்ளே போய்விட்டது. பாதை நடுவிலேயே கீழே இறங்கும் குழி, தண்ணீர் நிரம்பி, பார்க்க அதே கணுக்கால் தண்ணீர்தான். திரும்பி வந்துவிட்டோம். இன்னும் சிலர் இரவில் திருட்டுத்தனமாகப் போய் மண் எடுக்கிறார்கள், மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. வெளியே யானை வேறு. நமக்கு எதற்கு இந்தப் பொழைப்பு?

ஓட்டேரி பேத்தி:

பையனுடைய ஆசை எனக்குப் புரிகிறது. பெண்களுக்கு அந்த ஆசையைக்கூட விடவில்லை. 1952 சுரங்கச் சட்டத்தில் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யவே கூடாது என்று இருந்தது, 2019இல்தான் அதைத் தளர்த்தினார்கள். அதனால் எங்கள் பாட்டி சுரங்கத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் மேலே இருந்து கேட்ட சத்தம்தான். ஷிஃப்ட் சங்கு, சாஃப்ட் சக்கரம் சுற்றும் ஓசை, அப்புறம் தாத்தாவின் இருமல்.

தாத்தாவுக்கு சிலிகோசிஸ். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. கடைசி சில வருஷம் அவர் படுத்து உறங்கியதில்லை, சுவரில் சாய்ந்தேதான். பையா, உன் தாத்தாவும் நீ பிறக்கும் முன்பே போய்விட்டார் என்கிறாய். எதனால் என்று வீட்டில் கேட்டாயா?

அம்மாவைத் தங்கவயலில் இருக்கும் மாரிக்குப்பத்துக்குக் கூட்டிப் போனேன். ஸ்டேஷனை விட்டு வந்ததுமே சயனைடு மேடு. தாதுவை மாவாக அரைத்து, சயனைடில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்டது. எல்லாம் சேர்த்து 3 கோடி டன்னுக்கு மேல். புல் முளைப்பதே அபூர்வம். வெயில் காலத்தில் காற்றடித்தால் அந்தத் தூள்தான் வீட்டுக்குள் வருகிறது. அம்மா பிறந்த லைன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். கதவைத் தட்டினோம், உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வீட்டு ஆள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

அங்கே போனால் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1907இல் அவர் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய தமிழன் இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் முக்கியமான வாசகர்கள். பகலில் பூமிக்கு அடியில் வேலை, இரவில் விளக்கு வைத்துப் படிப்பு. எனக்கு அந்த சாஃப்டை விட இதுதான் ஆச்சரியம்.

ராயபுரம் கப்பல்காரன்:

எல்லோரும் பையனைப் பயமுறுத்துகிறீர்கள். நான் உள்ளே போயிருக்கிறேன், டிக்கெட் வாங்கிக்கொண்டு.

எங்கள் கப்பல் இங்கிலாந்தில் ஃபால்மத் துறைமுகத்தில் பழுதுபார்க்க நின்றது. அது கார்ன்வால் மாவட்டம். தங்கவயலை 1880இல் எடுத்து நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி கார்ன்வால்காரர்களைத்தான் நிறையக் கொண்டுவந்தது. விடுமுறை கிடைத்ததும் கடலோரமாக இருக்கும் கீவோர் என்ற தகரச் சுரங்கத்துக்குப் போனேன். 1985இல் உலகச் சந்தையில் தகரம் விலை விழுந்தது, 1990இல் மூடிவிட்டார்கள். இப்போது அருங்காட்சியகம். தொழிலாளர்கள் உடை மாற்றும் கூடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஹெல்மெட் கொடுத்து, 18ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஒரு பகுதிக்குள் கூட்டிப்போனார்கள். எனக்கே முதுகு வளைந்தது. அந்தக் காலத்தில் கையால் உளியடித்து வெட்டியிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே லெவன்ட் என்று ஒன்று, கடலுக்கு அடியில் ஒரு மைலுக்கு மேல் போகும். அங்கே கேஜுக்குப் பதிலாக மேலும் கீழும் அசையும் நீளமான தண்டு, அதில் படிகள். ஒரு படியில் ஏறி, தண்டு மேலே வந்ததும் சுவர்த் திட்டில் தாண்டி, மறுபடியும் அடுத்த படியில் ஏற வேண்டும். 1919 அக்டோபர் 20ஆம் தேதி ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது மேலே பிணைப்பு உடைந்து 31 பேர் செத்தார்கள்.

நான் கேட்பது இதுதான். அவர்கள் செய்ததை நாம் ஏன் செய்யக்கூடாது? தங்கவயலில் ஒரு பகுதியையாவது பாதுகாப்பாகத் திறந்துவிடலாமே. 1965இல் அதே சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே வைத்துத்தான் வளிமண்டல நியூட்ரினோ என்ற, பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகளைப் பிடித்தார்கள். அதைச் சொல்ல ஒரு அறையாவது வேண்டாமா?

மணலி சேஃப்டி:

கீவோரிலும் ஆழமான பகுதி தண்ணீரில்தானே கிடக்கிறது? அவர்கள் காட்டுவது தண்ணீர் தானாக வடியும் மேல்மட்டப் பகுதி. காற்றைச் சோதிக்கிறார்கள், கூரையைச் சோதிக்கிறார்கள், அதற்குச் சம்பள ஆள் வைத்திருக்கிறார்கள். அப்படி என்றால் நானே முதல் டிக்கெட் வாங்குவேன்.

வியாசர்பாடி பையன்:

அம்மாவிடம் கேட்டேன். தாத்தாவும் சிலிகோசிஸ்தான். இத்தனை நாள் ‘நெஞ்சு சளி’ என்றே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவர் ஊர்காம் சுரங்கத்தில் இருந்தாராம். பெரம்பூர் தாத்தா, உங்களை ஒரு நாள் வந்து பார்க்கலாமா? கேமரா கொண்டு வருகிறேன், நீங்கள் பேசினால் போதும். தங்கவயலுக்கும் போகத்தான் போகிறேன், வேலிக்கு வெளியேதான் நிற்பேன்.

பெரம்பூர் தாத்தா:

வா. மாலை நேரம் நல்லது, காலையில் எனக்கு மூச்சு இழுக்கும். ஊர்காம் ஆட்கள் இரண்டு பேர் அயனாவரத்தில் இருக்கிறார்கள், அவர்களையும் வரச் சொல்கிறேன். தாத்தாவின் பேரும் எந்த சாஃப்ட் என்பதும் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வா. டோக்கன் நம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஓட்டேரி பேத்தி:

தங்கவயலுக்கு சென்ட்ரலிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறி பங்காரப்பேட்டையில் இறங்கு. அங்கிருந்து மாரிக்குப்பம் வண்டி, கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பேரே சுரங்கமாக வரும். மேடு பக்கம் போனால் முகத்துக்குத் துணி கட்டிக்கொள். தேதி முடிவானதும் இங்கே போடு, அம்மாவும் நானும் வருகிறோம்.