சைக்கிள்ல பிஎஃப்30 சத்தம் நிக்கவே மாட்டேங்குது, அடுத்த ஃபிரேம் திருகு மறை வச்ச பிபியா (பாட்டம் பிராக்கெட், கிராங்க் ஆக்ஸிலத் தாங்குற பேரிங் செட்) பாத்து எடுக்கவா?

மேடேறி:
கார்பன் ஃபிரேம், பிஎஃப்30 ஷெல் (மறை இல்லாம பிபி கப்ப அழுத்திச் சொருகுற ஃபிரேம் ஓட்டை), 24 மி.மீ ஆக்ஸில் வச்ச கிராங்க் (பெடல் மாட்டுற கை) அடாப்டர் கப் போட்டு ஓடுது. மேடு ஏறும்போது எழுந்து நின்னு மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் டக் டக்னு ஒரு சத்தம். ரெண்டு தடவ பிபி மாத்திட்டேன், புதுசு போட்டதும் கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் பழைய குருடி கதவ தொறடி தான். அடுத்த ஃபிரேம் மறை வகையில பிஎஸ்ஏவா, டி47ஆ? இருக்கிற கிராங்க் அதுல ஏறுமா?

கிரீஸ்கை:
மொதல்ல பிபி தானானு உறுதி பண்ணுங்க. பெடல் மறை, செயின்ரிங் போல்ட், சீட்போஸ்ட், பின் ஆக்ஸில், டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாத்தி மாட்டுற கொக்கி) எல்லாத்தையும் கழட்டி தொடச்சு கிரீஸ் வச்சு மாட்டுங்க. கார்பன்ல சத்தம் எங்கிருந்து வருதுனே காதால சொல்ல முடியாது, சீட்போஸ்ட்ல வர்றது கூட கால் கீழ கேக்கும்.

மேடேறி:
அதெல்லாம் பண்ணிட்டேன். உக்காந்து மிதிச்சாலும் பலமா மிதிச்சா வருது.

ஷெல்அளவு:
அப்ப ஷெல்ல அளந்து பாருங்க, பேர நம்பாதீங்க. பிஎஃப்30 ஓட்டை 46 மி.மீ இருக்கணும், ஆனா அது வட்டமா இல்லாம போகலாம், இல்ல ரெண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டுல இல்லாம இருக்கலாம், அப்ப எந்த கப் போட்டாலும் மிதிக்க மிதிக்க உள்ள லேசா நகரும், அந்த நகர்ற சத்தம் தான் நீங்க கேக்குறது. புது கப் கொஞ்ச நாள் இறுக்கமா நிக்கும், அப்புறம் தேஞ்சு லூஸ் ஆகும், உங்க கதைக்கு அச்சு அசல் பொருந்துது. கேனண்டேல் 2000ல பிபி30 கொண்டு வந்தப்ப பேரிங் நேரா ஃபிரேம்ல, 42 மி.மீ ஓட்டை. அங்க ஃபிரேம்காரங்க துல்லியமா மெஷின் பண்ணியே ஆகணும். அப்புறம் வந்த பிஎஃப்30ல பேரிங்க பிளாஸ்டிக் கப்ல வச்சாங்க, ஃபிரேம்ல கொஞ்சம் தளர்வு இருந்தாலும் தாங்கும்னு. என்னைக் கேட்டா அங்க தான் தப்பு ஆரம்பிச்சுது.

இப்போதைக்கு ரெண்டு கப்பும் நடுவுல ஒண்ணோட ஒண்ணு மறையில இறுகுற மாதிரி வர்ற பிபி போடுங்க, அது ரெண்டையும் ஒரே கோட்டுல இழுத்துப் பிடிக்கும். லூஸ் கொஞ்சம் தான்னா ரிடெய்னிங் காம்பவுண்டும் (இடைவெளிய நிரப்பி கப்ப பிடிச்சு வைக்கிற பசை) உதவும், ஆனா கார்பன்ல போடுறதுக்கு முன்ன ஃபிரேம்காரங்க என்ன சொல்றாங்கனு பாத்துக்கோங்க.

கிராங்க் கேள்விக்கு: உங்க 24 மி.மீ ஆக்ஸில் பிஎஸ்ஏல சுகமா ஏறும். அது 68 மி.மீ ஷெல்லுக்கு வெளிய பேரிங் வச்சு ஓடுறதுக்காகவே வந்த அளவு. சிக்கல் குட்டையான 30 மி.மீ ஆக்ஸில் வச்ச பிபி30 கிராங்குக்கு தான், பிஎஸ்ஏல ஆக்ஸில் நீளம் பத்தாது.

திருகுவிசை:
மறைனா பிஎஸ்ஏ தான், 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 மறை. செயின் பக்கம் இடது மறை, ஏன்னா ஆக்ஸில் சுத்தச் சுத்த கப் எதிர்ப்பக்கம் திரும்பப் பாக்கும், இடது மறைனா அது இறுகும். இத்தாலியன் 36 மி.மீ கப் ரெண்டு பக்கமும் வலது மறை, அதனால செயின் பக்கத்துக் கப் தானா கழலும், அத நான் எத்தனையோ தடவ ரோட்டோரம் நின்னு இறுக்கியிருக்கேன். 2015ல வந்த டி47ல 47 மி.மீ மறை, 30 மி.மீ ஆக்ஸிலுக்கு நல்ல பெரிய பேரிங் வைக்கலாம். உங்ககிட்ட 24 தான்னா அதுக்கு அவசியமே இல்ல.

ஷெல்அளவு:
ஆமா, டி47 எடுத்தாலும் ஷெல் அகலம் கேட்டுக்கோங்க. 68 இருக்கு, 86 இருக்கு, கப் ஒண்ணுக்கொண்ணு மாறாது.

மேடேறி:
காலிபர் வச்சு இப்ப தான் அளந்தேன். இடது ஓட்டை ஒரு திசையில 46.02, குறுக்க 46.15. நீங்க சொன்ன மறை கப் ஆர்டர் போட்டுட்டேன், ஓட்டிப் பாத்துட்டு இங்கயே எழுதுறேன்.