புதுப்பிப்பு: சாப்பாட்டை மாத்தி 12 வாரம், பரு என்ன ஆச்சு?

மூணு மாசத்துக்கு முன்னாடி புலம்பியிருந்தேனே, 29 வயசுலயும் தாடையோரம் பரு விட்டபாடில்லை, சாப்பாட்டை மாத்தினா குறையுமான்னு. இப்போதைய நிலவரம் இது.

முதல் மாசம் ஒண்ணும் நடக்கலை. நாலாவது வாரம் கன்னத்துல புதுசா ரெண்டு, தொட்டாலே வலிக்குது. எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருந்தேன். தோல் டாக்டர்தான், துளைக்குள்ள ஏற்கெனவே அடைச்சிருக்கிறது வெளிய வந்துதான் தீரும், 8 முதல் 12 வாரம் பொறுங்கன்னார்.

சாப்பாட்டுல நான் செஞ்சது ரெண்டே மாற்றம். இனிப்பு பானம், மைதா ரெண்டையும் குறைச்சேன். ஜிம்முக்காகக் குடிச்ச வே புரோட்டீனை (பால்லேர்ந்து எடுக்கிற புரதப் பொடி) நிறுத்தினேன். ரத்தச் சர்க்கரை சட்டுனு ஏறினா இன்சுலினும் எகிறும், கூடவே ஐஜிஎஃப்-1ங்கிற வளர்ச்சி ஹார்மோனோட வேலையும் கூடும். அது எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடும். பால் புரதமும் இன்சுலினைக் கிளப்பும். ஆனா இது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. பால் குடிச்சும் பளிங்கு மாதிரி முகம் உள்ளவங்க உண்டு. (எரிச்சலா வருது.)

நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னவங்களுக்கு: மூணு லிட்டர் குடிச்சேன். பாத்ரூம் நடைதான் கூடுச்சு.

இப்போ தாடையில புதுசா எதுவும் இல்லை, பழைய தழும்பு மட்டும் பழுப்பா நிக்குது. முழுப் புகழையும் சாப்பாட்டுக்குக் கொடுக்க மாட்டேன். ஆறாவது வாரத்துலேர்ந்து ராத்திரி பட்டாணி அளவு அடாபலீன்ங்கிற பரு மருந்து ஜெல்லும் தடவுறேன். அடுத்த மாசம் ஜெல்லைத் தொடர்ந்துகிட்டே புரோட்டீனை மட்டும் திரும்பச் சேர்த்துப் பார்க்கப் போறேன்.